மதிலைச் சனிக்கிழமை ராத்திரியே கட்டிவிட வேண்டும்

கிறிஸ்தவ வீடுகளில் வாரத்திலேயே அதிகச் சத்தம் கேட்கும் நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலிலிருந்து எட்டேகால் வரைதான். எட்டரைக்கு ஆராதனை. ஒருத்தனுக்கு ஒரு கால் சாக்ஸ் காணோம். இன்னொருத்தியின் பாவாடை இஸ்திரி போடாமல் கிடக்கிறது. தலை பின்னிக்கொண்டிருக்கும்போதே அடுப்படியில் குக்கர் கூப்பிடுகிறது. காணிக்கைக்குச் சில்லறை இல்லை, பர்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டு மட்டும் இருக்கிறது. அப்பா வெளியே வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறார். சற்று நேரம் கழித்து அதே குடும்பம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கை கூப்பி ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்கிறது.

இதை யாரும் இச்சையடக்கத்தோடு சேர்த்து யோசிப்பதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் சாராயம், சிகரெட், கெட்ட படம் என்று பெரிய சரக்குகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு குடும்பம் பழகத் தொடங்குவதற்கு இந்த அரை மணி நேரத்தைவிட நல்ல இடம் கிடையாது. வாராவாரம் தவறாமல் வருகிறது, எப்போது வரும் என்று தெரிகிறது, எதனால் வருகிறது என்றும் தெரிகிறது.

சனிக்கிழமை ராத்திரி இருபது நிமிஷம் போதும். எல்லோருடைய உடுப்பும் இஸ்திரி போட்டு ஹேங்கரில். சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள்ளேயே வைத்து, ஷூ வாசல் ஓரத்தில். ஆளுக்கான காணிக்கையை எண்ணி அவரவர் வேதாகமத்துக்குள். பாட்டுப் புத்தகம், பாட்டியின் கண்ணாடி, சின்னவனின் தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரே பையில். யாருக்குப் பின் யார் குளிப்பது என்று ஒரு வரிசை. காலைக்கு இட்லி. பூரி வேண்டவே வேண்டாம், ஆளுக்காள் சுட்டுத் தர ஒருத்தி அடுப்படியிலேயே நிற்க வேண்டிய பலகாரம் அது. இவ்வளவையும் செய்தபிறகும் ஒரு சண்டை மிஞ்சும். ஆனால் மீதிச் சண்டைகளுக்கு வேலை இருக்காது. ஓய்வுநாளுக்கு முந்தின நாளுக்குச் சுவிசேஷத்தில் ஆயத்தநாள் என்றே பெயர். வனாந்தரத்தில் இஸ்ரவேலரும், வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற ஆகாரத்தை ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து வைத்தார்கள். மறுநாள் அமைதிக்கு முந்தின நாளே வேலை நடந்திருக்கிறது.

"தன் ஆவியை அடக்காத மனுஷன் மதிலிடிந்த பாழான பட்டணம்போலிருக்கிறான்" என்கிறது நீதிமொழிகள் 25:28. இந்த வசனத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிற நாம், மதிலை எப்போது கட்டுவார்கள் என்பதைச் சொல்லித்தருவதில்லை. எதிரி வாசலில் நிற்கும்போது யாரும் கல் சுமப்பதில்லை. கோபம் தலைக்கேறியபின், பலகாரத் தட்டு முன்னால் வந்தபின், போன் கையில் ஒளிர்ந்தபின் பல்லைக் கடித்துக்கொள்வதைத்தான் நாம் இச்சையடக்கம் என்று பழக்கியிருக்கிறோம். பெரும்பாலும் அது தோற்கிறது. நெகேமியாவின் காலத்தில் எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டி முடிக்க 52 நாள் ஆனது. அந்தப் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிப் போய்விடுவோம். ஆனால் அதில் பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைத்தான் கட்டுகிறார்கள். அப்பா தன் வீட்டுக்கு எதிரே உள்ள கல்லை எடுக்காமல் மகனுடைய இடிபாட்டைக் காட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் மதில் எழும்பாது.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலாத்தியர் 5:23இல் ஆவியின் கனியில் கடைசியாக வருவதுதான் இச்சையடக்கம். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் தன்னடக்கம். கிரேக்க மூலத்தில் என்க்ராத்தேயா. அதற்குள் இருக்கும் 'க்ராத்தோஸ்' என்பதற்குப் பலம், ஆளுகை என்று பொருள். தன் கடிவாளம் தன் கையில் இருப்பது. நம் வீடுகளிலோ 'அடக்கம்' என்ற சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. அடக்கமான பிள்ளை என்றால் வாய் திறக்காத பிள்ளை. அதட்டலுக்குப் பயந்து பத்து வருஷம் அடங்கியிருந்த பிள்ளையிடம் கடிவாளம் ஒருநாளும் கொடுக்கப்படவில்லை என்பது, அது கல்லூரி விடுதிக்குப் போன முதல் செமஸ்டரில் தெரிந்துவிடும்.

அதேபோல, "எனக்குக் கோபம் வந்தா கட்டுப்படுத்தத் தெரியாது" என்று சொல்லும் அப்பாக்களை நம்ப வேண்டாம். அதே ஆள் அலுவலகத்தில் மேலதிகாரி நியாயமில்லாமல் திட்டும்போது "சரி சார்" என்றுதான் சொல்கிறார். வண்டியை மறித்த போலீஸ்காரரிடம் குரலை உயர்த்துவதில்லை. அடக்கம் அவரிடம் கைவசம் இருக்கிறது. வீட்டுக்கு வரும்போது செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிடுகிறார். இதைக் குடும்பமாகப் பேசும்போது முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியவர் வீட்டில் பெரியவர்தான். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கை நீட்டுகிற வீட்டில் "நீ கொஞ்சம் பொறுமையா இரும்மா, ஜெபம் பண்ணு" என்று மனைவிக்கு இச்சையடக்கம் போதிப்பது அயோக்கியத்தனம். அங்கே முதல் வேலை அடி படாத இடத்துக்குப் போவது. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்ற எண்கள் இருக்கின்றன. போதகரிடம் போவது அதற்குப் பிறகு.

ஃப்ரிட்ஜ் மேல் கூடை

லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், தொடங்கும்போது பல வீடுகளில் எடுக்கப்படும் தீர்மானம்: "இந்த நாற்பது நாளும் போனைக் குறைச்சுக்கிறோம்." இது நாலு நாள் தாங்காது. எவ்வளவு குறைப்பது, எந்த நேரம், அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது, குறைந்ததா என்று பார்ப்பது யார், ஒன்றுக்கும் பதில் இல்லை.

பாபிலோன் ராஜாவின் அரமனைக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேல் கேட்ட விதத்தைப் பாருங்கள். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தமாட்டேன் என்று பந்தியில் உட்காருவதற்கு முன்பே தீர்மானித்துவிட்டான். பிறகு விசாரணைக்காரனிடம் மரியாதையாகக் கேட்கிறான். பத்து நாள், பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும், பத்து நாள் முடிந்ததும் எங்கள் முகத்தைப் பார்த்து நீரே முடிவு செய்யும். கெடு இருக்கிறது, மாற்று இருக்கிறது, சரிபார்க்க ஓர் ஆள் இருக்கிறது. குடும்பத் தீர்மானம் இந்த அச்சில் வார்க்கப்பட வேண்டும்.

ஆக, தாளில் எழுத வேண்டியது இப்படி: "ராத்திரி 8.30க்கு வீட்டிலுள்ள நாலு போனும் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் கூடைக்குப் போகும். காலை ஜெபம் முடிந்தபிறகு எடுப்போம். பத்து நாள். பத்தாம் நாள் ராத்திரி உட்கார்ந்து பேசுவோம்." ஃப்ரிட்ஜ் மேல் எதற்கென்றால், அது யாருடைய இடமும் இல்லை, எல்லோர் கண்ணிலும் படும், சின்னவனுக்கு எட்டாது. பீரோவில் வைத்துப் பூட்டுவது வேண்டாம். பூட்டினால் சாவி யாரிடம் என்பதே அடுத்த சண்டை. தவிர, பூட்டு இருக்கும் இடத்தில் பழகுவது ஒன்றும் இல்லை.

இனி, எங்கே உடையும் என்று பார்ப்போம். முதல் ஓட்டை அலாரம். "காலைல எழுப்ப போன் வேணுமே" என்று முதல் ராத்திரியே ஒரு போன் படுக்கையறைக்குத் திரும்பிவிடும். சாதாரண மேஜை அலாரக் கடிகாரம் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட வேண்டும். இரண்டாவது, போனில் வேதாகமம் வாசிப்பவர்கள். வசனத்தைத் தேடப் போனவர் அறிவிப்பு மணியைத் தட்டி வாட்ஸ்அப்புக்குள் போய்விடுவார். அந்த நேரத்துக்கு அச்சுப் புத்தகம்தான். மூன்றாவது, பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழு. நாளைக்குக் கொண்டுவர வேண்டிய சார்ட் பேப்பரைப் பற்றிய செய்தி ராத்திரி எட்டே முக்காலுக்குத்தான் வரும். இதற்காகப் பெரியவர்களில் ஒருவர் ஒன்பது மணிக்கு ஒரு தடவை, நின்றுகொண்டே, பார்த்துவிட்டு வைத்துவிடலாம். நின்றுகொண்டே என்பது முக்கியம். உட்கார்ந்தால் இருபது நிமிஷம் போய்விடும்.

ஊரில் வயதான அப்பா அம்மா தனியாக இருந்தால் டேட்டாவை மட்டும் நிறுத்தி, மணி அடிக்கும்படி விட்டுவிடுங்கள். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் ஒன்பதரைக்கு வீடியோ காலில் வருவார் என்றால் அதையும் அதே தாளில் முதல் நாளே எழுதுங்கள். முன்னாலேயே எழுதிய விலக்கு ஒழுங்கின் பாகம்; அந்த நேரத்தில் கண்டுபிடிக்கிற விலக்கு மதிலில் விழுந்த ஓட்டை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தோல்வி வேறு. போன் கூடைக்குப் போனதும் குடும்பம் முழுக்க டிவிக்கு நகர்ந்துவிடும். காலியான நேரத்தில் என்ன செய்வது என்று முடிவு செய்யாததன் விளைவு இது. முதல் மூன்று ராத்திரி அந்த ஒரு மணி நேரம் நீளமாகத்தான் தெரியும். கேரம் போர்டைத் தூசி தட்டி எடுக்கலாம், மொட்டை மாடியில் நடக்கலாம், மறுநாள் சாம்பாருக்கு நாலு பேருமாக வெங்காயம் உரிக்கலாம். சின்ன வெங்காயம் உரிக்கும் கை சும்மா இருப்பதில்லை, வாய் தானாகப் பேசும்.

குடும்ப ஜெபத்தையும் இதனோடு கோத்துவிடலாம். பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்: ஒரு கீர்த்தனையில் பல்லவியும் இரண்டு சரணமும், பதினைந்து வசனத்துக்குள் வாசிப்பு, ஆளுக்கு ஒரு வரி ஜெபம், முடிவில் கர்த்தருடைய ஜெபம். சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தால் பிள்ளைகள் தூங்கி விழமாட்டார்கள், அப்பாவின் ஜெபமும் தானாகச் சுருங்கும். ஒன்றை மட்டும் தடை செய்ய வேண்டும்: ஜாடை ஜெபம். "ஆண்டவரே, பரீட்சை நேரத்தில் விளையாட்டுப் புத்தியோடு திரிகிற பிள்ளைகளுக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்று கண்ணை மூடிக்கொண்டு மகனைத் திட்டுவது. அவன் அங்கே பதில் சொல்ல முடியாது. ஜெபம் என்றாலே திட்டு என்று அவன் மனதில் பதிந்துவிடும்.

சேலா

சங்கீதப் புத்தகத்தில் 71 இடங்களில் 'சேலா' என்று வருகிறது, ஆபகூக்கில் இன்னும் மூன்று. பாட்டில் நிறுத்தம் விடச் சொல்லும் குறிப்பு என்பது பலருடைய கருத்து. வாசிக்கும்போது பிள்ளைகள் இதை வேகமாகத் தாண்டிப் போவார்கள். கோபத்துக்கான குடும்பச் சொல்லாக இதை எடுத்துக்கொள்ளலாம். "நிறுத்து", "போதும்" என்பவற்றிலேயே அதட்டல் இருக்கிறது, சேலாவில் இல்லை.

சட்டம் நாலு. வீட்டில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆறு வயதுப் பிள்ளையும். சொன்னவர்தான் அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும், எதிராளியைப் போகச் சொல்லக் கூடாது. போகும்போது எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், குறைந்தது இருபது நிமிஷம். திரும்பி வந்து பேச்சைத் தொடங்குவதும் அவரேதான்.

இருபது நிமிஷம் ஏன்? கோபத்தில் ஏறிய நெஞ்சுத் துடிப்பும் உடம்பின் படபடப்பும் இறங்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் பிடிக்கும் என்று குடும்ப ஆலோசகர்கள் சொல்வார்கள். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தால் சண்டை விட்ட வரியிலிருந்தே தொடங்கும். அந்த இருபது நிமிஷத்தில் அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்று ஒத்திகை பார்த்தால் நேரம் வீண், துடிப்பும் இறங்காது. கையால் ஏதாவது செய்ய வேண்டும். பாத்திரம் கழுவலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், தெருமுனை வரை போய் வரலாம். அக்காவுக்கு போன் போட்டு நடந்ததைச் சொல்வது கூடாது. அது சேலா இல்லை, ஆள் சேர்ப்பது.

இதைக் கெடுக்கிற வழிகளும் உண்டு. "உனக்குத்தான் சேலா தேவை" என்று அடுத்தவர் தலையில் கட்டுவது ஒன்று. சேலா சொல்லிவிட்டு அந்தப் பேச்சுக்கே திரும்பாமல் இருப்பது இன்னொன்று; கணவன்மார் இதில் கெட்டிக்காரர்கள். மூன்றாவதுதான் உண்மையான பரீட்சை: பெற்றோர் திட்டிக்கொண்டிருக்கும்போது பிள்ளை சேலா சொன்னால் என்ன செய்வது? நிறுத்த வேண்டும். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டாலும் அந்தச் சொல் அன்றோடு வீட்டில் செத்துவிடும்.

சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியட்டும் என்ற எபேசியர் 4:26ஐப் பிடித்துக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை வாக்குவாதம் செய்கிற தம்பதிகள் உண்டு. வசனம் தணியச் சொல்வது எரிச்சலை. பிரச்சினையை அன்றைக்கே பைசல் பண்ணச் சொல்லவில்லை. தூக்கம் கெட்டவர்களுக்கு இன்னும் சீக்கிரம் கோபம் வரும். "உம்மேல கோவம் இல்ல. பணத்தைப் பத்தி நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசலாம்" என்று சொல்லிப் படுத்தால் போதும்.

தட்டில் இருப்பதும் உண்டியலில் விழுவதும்

லெந்தின் முதல் நாளான சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை 46 நாள். அதில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் சுத்தபோசனம், அதாவது கறியை விடுவது, 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி, அதாவது நாளுக்கு ஒரே ஒரு முழுச் சாப்பாடு, 18 முடிந்ததிலிருந்து 60ஆம் வயது தொடங்கும்வரை. சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே வீடுகளில் இப்படி எழுதி வைத்த வயது இல்லை. அதனால்தான் பத்து வயதுப் பிள்ளை அம்மாவைப் பார்த்து மத்தியானம் வரை பட்டினி கிடந்து, பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுகிறது. வளரும் பிள்ளைகள் வேளைச் சாப்பாட்டை விட வேண்டாம். ஒரு தின்பண்டத்தை விட்டால் போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

கறியை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வஞ்சிரம் வறுவலும் இறால் தொக்கும் என்று உட்காருவது சட்டப்படி தப்பில்லை. விலையைக் கூட்டிப் பார்த்தால் ஆட்டுக்கறியை மிஞ்சும். சிரிப்புத்தான் வருகிறது. எதை விடுவது என்று எளிதாகக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஒருநாள் இல்லாவிட்டால் வீட்டில் யாருக்கு எதற்காக எரிச்சல் வருகிறது என்று பாருங்கள். சிலருக்குக் கறி பொருட்டே இல்லை, நாலு மணிக் காபி இல்லாவிட்டால்தான் வீடு ரெண்டுபடும். அவர்கள் விட வேண்டியது காபி. சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலி இருக்கும், முந்தின வாரமே அரை டம்ளராகக் குறைத்துவிடுங்கள்.

விட்டதன் காசு வீட்டிலேயே தங்கினால் அது சிக்கனம் மட்டும்தான். சாயங்காலப் பஃப்ஸ், பஜ்ஜி என்று தினம் 60 ரூபாய் ஆகிறதென்றால், அன்றன்றைக்கே 60 ரூபாயை உண்டியலில் போட வேண்டும். நாற்பது நாளில் 2,400. மாதக் கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்று விட்டால் ஒருநாளும் போட மாட்டோம். உடைக்கிற அன்று யாருக்குப் போகப்போகிறது என்பதை முதல் நாளே பிள்ளைகளை வைத்து முடிவு செய்து உண்டியல் மேல் ஒட்டிவிடுங்கள். பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்று ஏசாயா 58 சொல்லும் உபவாசம் அதுதான்.

"தவக்காலம் முடியும்வரை தொட மாட்டேன்" என்று குடியை நிறுத்துகிறவர்களைப் பற்றி: எப்போதாவது குடிப்பவர் தாராளமாக நிறுத்தட்டும். வருஷக்கணக்காகத் தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, சித்தம் கலங்குவது வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. இவர்களுக்கு முதலில் மருத்துவமனை, பிறகு பொருத்தனை. குடிநோயை இச்சையடக்கக் குறைவு என்று பிரசங்கித்தால் அந்த வீடு சபைக்கு வருவதையே நிறுத்தும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆன்லைனில் பிடித்த பொருளைக் கார்ட்டில் போட்டுவிட்டு மூன்று ராத்திரி கழியட்டும். கார்டு விவரத்தைக் கடைகளின் செயலியில் சேமித்து வைக்காதீர்கள். டிசம்பர் மாதத்துக்கு மட்டும் புதுத்துணி, கேக், விருந்து மூன்றுக்கும் தனித்தனித் தொகையை நவம்பரிலேயே எழுதிவிடுங்கள்.

பிள்ளைகள் காத்திருக்கக் கற்பது எப்படி

வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய மார்ஷ்மெல்லோ சோதனையைப் பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். இப்போதே ஒன்று, காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் வாழ்க்கையில் முன்னேறினார்கள் என்று கதை முடியும். 2018இல் இன்னும் பெரிய எண்ணிக்கையில் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்தால் அந்தத் தொடர்பு மிகவும் சுருங்கிவிட்டது. பிரசங்கத்தில் வராத இரண்டு விஷயங்கள்தான் நமக்கு உபயோகம்.

ஒன்று, தாக்குப்பிடித்த பிள்ளைகள் மிட்டாயை முறைத்துப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பாடினார்கள். யோசேப்பும் எஜமான் போத்திபாரின் மனைவி இச்சையோடு பிடித்தபோது நின்று விவாதிக்காமல் வஸ்திரத்தை விட்டு ஓடினான். ஆகவே பிஸ்கட் டப்பாவை மேஜை மேல் வைத்துக்கொண்டு "தொடக் கூடாது" என்று நாளுக்குப் பத்துத் தடவை சொல்வது வீண் வேலை. டப்பாவை உள்ளே வையுங்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியம். 2013இல் வெளியான ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், சோதனைக்கு முன்பு சில பிள்ளைகளுக்கு "நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன்" என்று சொல்லி, சொன்னபடியே கொண்டுவந்தார்கள். மற்றவர்களுக்கு அதையே சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக 3 நிமிஷம் காத்திருந்தார்கள், ஏமாறாதவர்கள் 12 நிமிஷம். "சாப்பிட்டு முடி, பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகாத ஒவ்வொரு சாயங்காலமும், காத்திருப்பது முட்டாள்தனம் என்று பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறது. செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டு முடியாமல் போனால், மறந்துவிட்டது போல நடிக்காமல், "சொன்னேன், முடியல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கண்டிப்பா" என்று நாள் குறித்துச் சொல்லுங்கள், அந்த நாளில் போங்கள்.

நாலு வயதுக்கு இரண்டு நிமிஷக் காத்திருப்பே பெரிது. மணற்கடிகாரம் வைத்தால் கண்ணுக்குத் தெரியும். எட்டு வயதுக்கு மூன்று டப்பா: காணிக்கை, சேமிப்பு, செலவு. வாரம் 50 ரூபாய் கொடுத்தால் 5, 15, 30 என்று பிரித்துப் போடட்டும். செலவு டப்பாவில் இருப்பதை அவன் உருப்படாத பொம்மையில் தொலைத்தாலும் நடுவில் புகுந்து காப்பாற்றாதீர்கள். புதன்கிழமையே டப்பா காலியானால் ஞாயிறு வரை காலிதான். "பாவம், பத்து ரூபா தரேன்" என்று தாத்தா புகுந்துவிடுவார். முன்கூட்டியே அவரிடமும் பேசி வைக்க வேண்டும்.

பதினைந்து வயதுக்கு வடிகட்டிச் செயலிகள் அரைக் காவல்தான். அதைத் தாண்டும் வழி வகுப்பில் யாராவது ஒருவனுக்குத் தெரியும். கம்ப்யூட்டரும் போனும் ஹாலில், திரை எல்லோருக்கும் தெரியும்படி, ராத்திரி கூடை. கெட்ட படம் பார்த்தது தெரிந்த அன்று ராத்திரி எதுவும் பேசாதீர்கள். மறுநாள் அப்பா ஒருவர் மட்டும், வண்டியில் போகும்போதோ நடக்கும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்காத நிலையில் பேசினால் பையனுக்குப் பதில் வரும். "என் கண்களோடே உடன்படிக்கைபண்ணின நான்" என்று யோபு சொன்னது தன் கண்களைப் பற்றி. அப்பாவின் போனும் அந்தக் கூடையில் இருந்தால்தான் இந்தப் பேச்சுக்கு எடை உண்டு.

எப்படியும் உடையும். பத்தாம் நாளை ஒட்டி ஏதோ ஒரு ராத்திரி கூடையில் இரண்டு போன்தான் இருக்கும், யாரோ கத்தியிருப்பார்கள், உண்டியலில் மூன்று நாள் காசு விழுந்திருக்காது. மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்காதீர்கள். விட்ட நாளைத் தாளில் வட்டமிட்டுவிட்டு அடுத்த நாளுக்குப் போங்கள். பத்துத் தடவை முதல் நாளைத் தொடங்கிய குடும்பம் பதினோராம் தடவை தொடங்காது. கத்திய பெரியவர் பிள்ளையிடம் கேட்கும் மன்னிப்பு இரண்டு வரிதான்: "அப்பா கத்தினது தப்பு. மன்னிச்சிரு பாப்பா." இதற்குப் பின்னால் "ஆனா நீயும்" என்று ஒரு வார்த்தை வந்தால் முன்னால் சொன்ன இரண்டு வரியும் செல்லாது. பிள்ளை செய்த தப்பைப் பேச வேண்டியிருந்தால் மறுநாள் தனியாகப் பேசலாம்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டமில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. லெந்து மட்டும் போதாது என்று இதிலிருந்து தெரிகிறது. 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. ஈஸ்டர் மத்தியானம் பிரியாணி சாப்பிட்டு முடித்ததும், நாற்பது நாளில் செய்தவற்றில் ஒன்றே ஒன்றைத் தொடர்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடலாம். கறியும் காபியும் திரும்பி வரட்டும். அந்த ஒன்று போன் கூடை என்றால், பிப்ரவரி 10இலிருந்து எண்ணினால் 66ஆம் நாள் ஏப்ரல் 16. பள்ளிக்கூடத்தில் முழுப்பரீட்சை நேரம், கூடை ஃப்ரிட்ஜ் மேலேயே இருப்பதற்கு வீட்டில் யாரும் மறுப்பு சொல்ல மாட்டார்கள்.